அன்புச்செல்வி காட்டாத தண்ணீர்

விருதுச் செய்தி வெளியான அன்று காலை, துடியலூர் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு முதலில் வந்தவர் வாழ்த்துச் சொல்ல வரவில்லை. அன்னூர்ப் பக்கத்து விவசாயி. மடித்த நாளிதழைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க, புரபசரம்மா ஊடு இதுதானுங்களா? தோட்டத்துக்கு ஒருக்கா வந்து எடம் காட்டோணுமுங்க. வண்டி கொண்டாந்திருக்கறனுங்க" என்றார்.

அன்புச்செல்வி அப்போதுதான் இட்லிக் குண்டாவை அடுப்பிலிருந்து இறக்கியிருந்தாள். "என்ன எடமுங்க?"

"போர் போடறதுக்குத்தானுங்க. பாறைக்குள்ள தண்ணி எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சதுக்கு உங்களுக்கு டெல்லியில பரிசு குடுக்கறாங்களாமா. பேப்பர்ல போட்டிருக்குதுங்க."

பேப்பரில் ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருந்தது. நிருபரைக் குறை சொல்ல முடியாது. முந்தின நாள் அவர் போனில் கூப்பிட்டு, உங்கள் ஆராய்ச்சியை ஒரு வரியில் சொல்லுங்கள் என்று கேட்டபோது அவள்தான் சொன்னாள்: ஒரு பாறைக்குள் அங்கங்கே பொடிப்பொடியாக ஓட்டை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்; எவ்வளவு ஓட்டை இருந்தால் மேலே ஊற்றின தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றாகப் புகுந்து அடிவரைக்கும் வந்து சேரும், எவ்வளவுக்குக் குறைந்தால் சேராது, அந்த எல்லையில் என்ன நடக்கிறது, அதுதான் கணக்கு. 'வைத்துக்கொள்ளுங்கள்' என்ற சொல் அச்சுக்குப் போகிற வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அதே கணக்கு காட்டுத்தீ பரவுவதற்கும் பொருந்தும், ஊருக்குள் வதந்தி பரவுவதற்கும் பொருந்தும். ஆனால் மழை பொய்த்து, எவ்வளவு ஆழம் போனாலும் போர்க் குழியிலிருந்து வெறும் புழுதி பறந்த வருஷம் அது. பாறை, தண்ணீர் என்ற இரண்டு வார்த்தைகளை ஒரே வரியில் படித்த கோவை மாவட்டத்துக்காரர்கள் அதை வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

"நீ காட்டுத்தீன்னு சொல்லியிருந்தா ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து நின்னிருப்பாங்க. தப்பிச்சே" என்றான் அவள் கணவன் கதிரேசன். தொலைபேசி இலாகாவில் வேலை. எதையும் சிரிக்காமல் சொல்வான்.

அந்த வாரம் முழுக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருவர் தன் நிலத்துக் கல்லைத் துணிப்பையில் கொண்டுவந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். அவள் எல்லோரையும் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "எனக்கு அது தெரியாதுங்க" என்று சொல்லி அனுப்பினாள். ஒருவரும் நம்பவில்லை. "ஃபீஸ் என்னன்னு மட்டும் சொல்லிப்போடுங்க" என்று வாசலில் நின்று மறுபடியும் கேட்டார்கள்.

தண்ணீருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் பழைய சம்பந்தம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அவளுடைய அப்பா சுப்பையன், மேட்டுப்பாளையத்துக்குக் கிழக்கே ஆலாங்காட்டுப்புதூரில், குமாரசாமி வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர். மோட்டார் வருவதற்கு முன்னால் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார். மோட்டார் வந்த பிறகு மண்வெட்டியோடு மடை மாற்றினார். அந்தக் கிணற்றுத் தண்ணீர் முழுவதும் அவர் கை பார்த்துத்தான் வாய்க்காலில் திரும்பியது. குடிப்பதற்கு மட்டும் யாராவது மேலிருந்து ஊற்ற வேண்டும், அவர் குனிந்து கையை ஏந்த வேண்டும். அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை. மகளைத் தோட்டத்து வேலைக்கு அனுப்பியதும் இல்லை.

கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். கல்லூரியில் அவள் கேட்டது கணிதம், கிடைத்தது இயற்பியல். சோதனைச்சாலையில் அவளைப் போல மோசமான மாணவி கிடையாது. கம்பியைத் தொட்டால் கம்பி அறும். தராசைத் தொட்டால் முள் நிற்காது. "அம்மா, நீ தூர நின்னு கணக்கு மட்டும் போடு" என்று டெமான்ஸ்ட்ரேட்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் தூர நின்று கணக்குப் போட்டாள். பிறகு வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தாள்.

பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது அங்கே கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மூத்தவர்களுக்கெல்லாம் போக மிச்சம் கிடைத்தால்தான் இவளுக்கு. அவளுக்கு வேண்டியிருந்தது தற்செயல்: இந்த இடத்தில் ஓட்டையா, பாறையா என்று யாரும் முடிவு செய்யாமல் தானாக விழ வேண்டும். அம்மா பாவாத்தாளுக்குச் சொல்லி அனுப்பினாள். தாயம் ஆடுவதற்குச் செய்வது போல, புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, பழைய சேலைத் துணியில் பை தைத்து, பெங்களூர் போகிற ஆளிடம் கொடுத்து அனுப்பினாள் அம்மா. அறைத் தோழிகள் இவள் சூதாடுகிறாள் என்று நினைத்தார்கள். வெள்ளை விழுந்தால் ஓட்டை, கறுப்பு விழுந்தால் பாறை. கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனாள்.

போகப் போக ஒன்று தெரிந்தது. தேய்த்த பக்கம் லேசாகிவிட்டதால் வெள்ளை பாதிக்குமேல் ஒரு துளி அதிகமாக விழுந்தது. அந்த ஒரு துளியில்தான் விஷயமே இருந்தது. அதுவரை துண்டு துண்டாகக் கிடந்த வழிகள் திடீரென்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே வழியாகின. ஏன் அப்படி, எப்படிச் சேர்கின்றன என்பதற்கு அவள் எழுதிய நிரூபணம் முடிய வருஷங்கள் ஆயின. அதற்குள் பட்டம் வாங்கி, கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, மகளையும் பெற்றிருந்தாள்; அந்த மகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையல் ஒழிந்த பிறகு, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாள். அவள் கட்டுரையை இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது வெளியிட்டது. பிறகு எங்கெங்கோ இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதினார்கள். ஒரு கோடை முழுவதும் இத்தாலிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். அங்கே ரசத்துக்குப் பெருங்காயம் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அவளுக்குக் குறையொன்றும் இல்லை. பெரிய இடங்களிலிருந்து வேலைக்கும் கூப்பிட்டார்கள். போகவில்லை. அப்பாவும் அம்மாவும் அப்போதுதான் துடியலூர் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தார்கள். கதிரேசனுக்கு மாற்றல் கிடைக்காது. கணக்கு எங்கே உட்கார்ந்து போட்டாலும் கணக்குதான். அதற்காக அவள் வருந்தியதாகவும் தெரியவில்லை.

இப்படியாக, தொண்ணூற்று நாலாம் வருஷம், நாற்பத்தாறு வயதில், இயற்பியலுக்கான தேசிய விருது அவளைத் தேடி வந்தது. கூடவே தோட்டத்துப் பண்ணாடி குமாரசாமியும் வந்தார்.

சுப்பையன் முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டில் வெள்ளை வேட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கப் பார்த்தது. பாதி வழியில் கை நின்று, துண்டு மறுபடியும் தோளுக்கே போயிற்று. சமையலறையில் மாவு கரைத்துக்கொண்டிருந்த அன்புச்செல்வி ஜன்னல் வழியே அதைப் பார்த்தாள்.

"என்ன சுப்பா, நல்லா இருக்கறயா?"

"இருக்கறனுங்க பண்ணாடி. வாங்க, உக்காருங்க."

பாவாத்தாள் வாசற்படியில் நின்றபடி, "காப்பி குடிக்கறீங்களாங்க?" என்றாள்.

"இப்பத்தான் குடிச்சுப்போட்டு வாரேன். வேண்டாம்" என்றார் குமாரசாமி. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் முகத்தில் காட்டவில்லை.

அவர் விஷயத்துக்கு வந்தார். பழைய போரில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிற திருமலைசாமி வந்து இரண்டு இடம் காட்டியிருக்கிறார். வடக்கு மூலையில் ஒன்று, தெற்கே தென்னை வரிசை ஓரம் ஒன்று. "ரெண்டு எடத்துலயும் தேங்கா எந்திரிச்சு நிக்குது, சுப்பா. ரெண்டு போர் போடறதுக்கு இப்பத் தெம்பு இல்ல. ஒண்ணுதான் போடோணும். அது பொய்யாப் போச்சுன்னா தென்னையெல்லாம் காஞ்சுபோகும். எதுன்னு உம் புள்ளைய ஒருக்கா வந்து சொல்லச் சொல்லு."

அன்புச்செல்வி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வருவதற்குள் சுப்பையன் பதில் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கெழமை புள்ளையக் கூட்டிக்கிட்டு வாரனுங்க பண்ணாடி."

குமாரசாமி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடவும் அவருக்கு வாய் வரவில்லை, அம்மணி என்று சொல்லவும் வரவில்லை. "அப்ப வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏனுங்கப்பா, என்னைய ஒரு வார்த்தை கேக்காம எப்படிச் சொன்னீங்க?"

"கூட்டிக்கிட்டு வாரேன்னு சொன்னேன்."

"அவங்க கேக்கறது எனக்குத் தெரியாதுங்கப்பா. நான் செய்யறது பென்சில்ல. நெலத்துல நின்னு ஒருநாளும் பாத்ததில்ல."

"அந்தத் தோட்டத்துல நான் மண்வெட்டி புடிச்ச காலம் முச்சூடும் அவங்க சொன்னாங்க, நான் செஞ்சேன். கேட்டுக்கிட்டு நம்ம வாசலுக்கு வந்தது இதுதான் மொதத் தடவை. இல்லீங்கன்னு சொல்லோணுமா கண்ணு?"

போகாவிட்டால் அப்பாவின் சொல் கெட்டுப்போகும். போய் ஏதோ ஒரு இடத்தைக் காட்டி, அது பொய்த்துப்போனால், சுப்பன் மகள் கெடுத்துவிட்டாள் என்பார்கள். அப்பா அந்த ஊர் மாரியம்மன் நோன்புக்குக்கூடத் தலைகாட்ட முடியாது. காட்டி, தண்ணீரும் வந்துவிட்டால் இன்னும் மோசம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவள் என்று அவளுக்கு மட்டுமாவது தெரிந்திருக்கும்.

"ரெண்டுல ஒண்ணுதானே" என்றான் கதிரேசன், இட்லியைப் பிட்டுக்கொண்டே. "காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லிட்டு வந்திரு. பாதிக்குப் பாதி சரியா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அவன் சொல்வதற்கு முன்னாலேயே அதை யோசித்துப் பார்த்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மகளும் பஸ் பிடித்துப் போனார்கள். சுப்பையன் சலவை வேட்டி கட்டியிருந்தார். அவள் கைப்பையில் பழைய புளியங்கொட்டைப் பை இருந்தது; எதற்கு எடுத்து வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

தோட்டத்துக்குப் போகிற வழியில்தான் காலனி. தோட்டத்தின் வடக்கு வேலியை ஒட்டி, நடுவில் ஒரு இட்டேறித் தடம் மட்டும் விட்டு, வீடுகள் வரிசையாக இருந்தன. முன்னால் கவர்மென்ட் போட்டுக் கொடுத்த அடிபம்பு. பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. பம்படியில் இருந்தவள் சித்தப்பா மகள் கருப்பாத்தாள்.

"ஏனக்கா, பண்ணாடிக்குத் தண்ணி காட்ட வந்திருக்கறயாமா? பேப்பர்ல போட்டோவெல்லாம் பாத்தோம். எங்களுக்கும் ஒண்ணு காட்டிப்போட்டுப் போறது!"

"ஏன், பம்புல வரலையா?"

"எங்க வருது? தோட்டத்துல மோட்டார் ஓடுச்சுன்னா இங்க காத்துத்தான் வரும். கரண்டு போச்சுன்னாத்தான் எங்களுக்குத் தண்ணி. ஊரே கரண்டு வரோணும்னு சாமி கும்புடுது, நாங்க போகோணும்னு கும்புடறோம்" என்று சொல்லிச் சிரித்தாள் கருப்பாத்தாள்.

அன்புச்செல்வி பம்பைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், கல் எறிகிற தூரத்தில், பழைய போரின் மோட்டார் ரூம் தெரிந்தது. அதற்கும் இதற்கும் இடையில் வேலியோரமாக ஒரு வெள்ளைக் கல் நட்டு மஞ்சள் தடவியிருந்தது. அது என்ன என்று அவள் கேட்கத் தேவையில்லை. திருமலைசாமியின் வடக்கு இடம்.

தோட்டத்தில் களத்து மேட்டில், வேப்பமர நிழலில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சுப்பையன் ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். முனையில் அல்ல, முதுகைச் சாய்த்து முழுதாக. குமாரசாமியின் மனைவி செல்லாத்தாள் இளநீர் சீவச் சொல்லி அனுப்பியிருந்தாள். இளநீரில் ஒரு வசதி உண்டு. எந்த டம்ளர், யாருக்கு எந்த டம்ளர் என்ற கேள்வி கிடையாது. குடித்துவிட்டு வீசினால் முடிந்தது. அன்புச்செல்விக்கு அது புரிந்தது. இளநீர் நன்றாகவும் இருந்தது.

திருமலைசாமி ஏற்கெனவே வந்திருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்து காட்டினார். தெற்குக் கல்லுக்கு வந்ததும் தேங்காய் மெல்ல எழுந்து நின்றது. வடக்கேயும் எழுந்து நின்றது. "ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்க நிக்குது. இனி நீங்கதான் சொல்லோணும்" என்று அவளைப் பார்த்தார். குரலில் கொஞ்சம் கேலி இருந்தது, விரோதம் இல்லை.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சுப்பையன் மட்டும் தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் களத்து மண்ணில் குச்சியால் கட்டம் போட்டாள். பையைத் திறந்து கொட்டைகளைக் குலுக்கி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றாகப் போட்டாள். "வெள்ளையா உழுந்தது ஓட்டை. கறுப்பா உழுந்தது பாறை. மேல இருந்து வெள்ளை மேலயே கால் வெச்சு எறங்கி வாங்க."

குமாரசாமி குனிந்து விரலால் தொட்டுத் தொட்டு வந்தார். பாதியில் மூன்று பக்கமும் கறுப்பு. "அடைச்சுப்போச்சுங்க."

மறுபடி போட்டாள். இந்தத் தடவை வழி சுற்றிச் சுற்றி அடிவரைக்கும் போயிற்று.

"ரெண்டு தடவையும் வெள்ளை ஏறக்குறைய ஒரே அளவுதானுங்க. ஒண்ணுல சேருது, ஒண்ணுல சேரலை. இந்த மாதிரி நூறு தோட்டம் இருந்தா எத்தனையில சேரும்னு என்னால சொல்ல முடியும். இந்த ஒரு தோட்டத்துல சேருமான்னு சொல்ல முடியாது."

குமாரசாமி உண்மையாகவே கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார். "செரிங்க, நல்லாப் புரியுதுங்க." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப, வடக்கயா, தெக்கயா?" என்றார்.

"தெரியாதுங்க."

பிறகு திருமலைசாமி, "ஏனுங்க அம்மணி, இதச் சொல்றதுக்கா டெல்லியில கூப்புட்டுப் பரிசு குடுக்கறாங்க?" என்றார்.

"அதுக்குத்தானுங்க குடுக்கறாங்க. எது வரைக்கும் தெரியும், எதுக்கு மேல தெரியாதுன்னு கணக்காச் சொன்னதுக்கு."

திருமலைசாமி சத்தமாகச் சிரித்துவிட்டார். "கெட்டிதானுங்க நீங்க! என்ற தேங்கா இத்தன வருசமா எல்லாந் தெரியும்னு நின்னுக்கிட்டிருக்குது. ஆரும் ஒரு டீத்தண்ணி பரிசாக் குடுத்ததில்ல."

குமாரசாமி சிரிக்கவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவர் சுப்பையனைப் பார்த்த பார்வையை அவள் பார்த்தாள். இதற்காகவா கூட்டிக்கொண்டு வந்தாய் என்ற பார்வை. அப்பாவின் கை மடியில் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. இத்துடன் எழுந்து போய்விட்டால் பழுதில்லை. வெறும் ஏமாற்றத்தோடு முடியும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது ஒன்று இருந்தது.

"தண்ணி எங்க இருக்குதுன்னு தெரியாதுங்க. ஆனா வடக்க போட்டு, தண்ணி வந்துச்சுன்னா, அது ஆரு தண்ணின்னு சொல்ல முடியும்" என்றாள். "வேலிக்கு அக்கட்ட இருக்கற பம்புத் தண்ணிங்க அது."

"அது எப்படிச் சொல்றீங்க?" குமாரசாமியின் குரல் மாறியிருந்தது.

"உங்க மோட்டார் ஓடறப்ப அங்க காத்து வருதாமா. நிறுத்தினா தண்ணி வருதாமா. அப்படின்னா உங்க போரும் அந்தப் பம்பும், ரெண்டு வெள்ளையும் அடியில சேந்திருக்குதுங்க. வடக்குக் கல்லு அதுக்கு நடுவுல நிக்குதுங்க. இப்பவே மோட்டாரப் போட்டுப் பாத்துரலாம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சோதனை என்று ஒன்று செய்து அது சரியாக வந்ததாக அவள் சரித்திரத்திலேயே கிடையாது. ஆனால் குமாரசாமி மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். வேலியோரம் எல்லோரும் போய் நின்றார்கள். அந்தப் பக்கம் கருப்பாத்தாள் பம்பை அடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வந்துகொண்டிருந்தது. திருமலைசாமி ஒரு பீடி பற்ற வைத்தார். தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. அன்புச்செல்வி தன் பழைய டெமான்ஸ்ட்ரேட்டரை நினைத்துக்கொண்டாள். பீடி முடிகிற சமயத்தில் பம்பு ஒரு முறை விக்கியது. பிறகு இருமியது. பிறகு வெறும் கைப்பிடிதான் மேலும் கீழும் போயிற்று.

"நிறுத்துங்க பண்ணாடி! கொடம் நெறையட்டும்!" என்று கருப்பாத்தாள் கத்தினாள்.

குமாரசாமி மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து வெள்ளைக் கல்லைப் பார்த்தபடி நின்றார். "இருந்தாலும் தண்ணி என்ற நெலத்துக்குள்ளதான இருக்குது" என்றார், யாருக்கும் சொல்லாமல்.

அதற்கு அன்புச்செல்வியிடம் கணக்கு எதுவும் இல்லை. பதில் சொன்னது செல்லாத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளும் வேலியோரம் வந்திருந்தாள். "அந்தப் பம்பு நின்னுபோச்சுன்னா கொடத்தத் தூக்கிக்கிட்டு வரிசையா நம்மூட்டு வாசலுக்குத்தான் வருவாங்கொ. நீங்க சொசைட்டிக்குப் போயிருவீங்கொ. பொழுதுக்கும் நாந்தான் ஊத்திக்கிட்டு நிக்கோணும். என்னால ஆகாது. தெக்கயே போடுங்க."

"தெக்க தண்ணி இல்லாட்டி?"

"அதுதான் இவங்களுக்கே தெரியாதுங்கறாங்களே! தேங்கா நிக்குதல்லொ? போடுங்க."

குமாரசாமி வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "செரி, தெக்கயே" என்றார். வரட்டுமா என்று கும்பிட்ட சுப்பையனுக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அப்பா உட்கார்ந்திருந்தார். காரமடை தாண்டியதும் அவள் கேட்டாள்.

"கோவமாங்கப்பா?"

"கோவம் எதுக்கு? கூட்டிக்கிட்டு வாரேன்னேன். கூட்டிக்கிட்டுப் போனேன்." பிறகு அவரே சொன்னார்: "தெரியாதுன்னு நீ சொன்னதும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு கண்ணு. அப்புறம் பாத்தா, அந்தாளு முழிக்கறாரு. அவருகிட்ட ஆரும் அப்படிச் சொன்னதில்ல. தெரியாட்டியும் 'செரிங்க பண்ணாடி'ன்னுதான் நாங்கெல்லாம் சொல்லுவோம். அதக் கேட்டுக் கேட்டே பழகிட்டாரு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "'அப்ப, வடக்கயா தெக்கயா'ன்னு கேட்டாரே, அதுதான்…" முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அன்புச்செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெற்கே போர் போட்டார்கள். இரண்டு இஞ்சுத் தண்ணீர் வந்தது.

அவள் டெல்லிக்குப் போய் விருதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த மறுநாள், குமாரசாமி ஒரு கதளி வாழைத்தாரோடு வந்து இறங்கினார். முருங்கை மரத்தடியில் இன்னொரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மணி சொன்ன எடத்துல பொங்கிருச்சுங்க!"

"நான் சொல்லவே இல்லீங்களே. தெரியாதுன்னுதானே சொன்னேன்."

"அது செரிங்க" என்றார் குமாரசாமி, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல். "இருந்தாலும் வடக்க வேண்டாம்னீங்களே."

பாவாத்தாள் வாசற்படிக்கு வந்தாள். வழக்கம்போல, "காப்பி குடிக்கறீங்களாங்க?" என்றாள்.

"கொண்டாங்க. சக்கரை மட்டும் கம்மியா. சுகர் இருக்குதுங்க."

பாவாத்தாள் உள்ளே வந்து அன்புச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த டம்ளர்ல கண்ணு குடுக்கறது?"

"இருக்கற டம்ளர்லதாம்மா. நமக்கு என்ன, ரெண்டு செட்டா இருக்குது?"

காப்பி போயிற்று. குமாரசாமி அதை ஆற்றிக் குடித்தார். சுப்பையன் வேறு பக்கம் பார்த்தபடி தன் டம்ளர் காப்பியைக் குடித்தார்.

தண்ணீர் வந்த செய்தி காரமடை, அன்னூர் எல்லாம் பரவியது. அது எப்படிப் பரவும், எந்த எல்லைக்கு மேல் நிற்காது என்று அவள் கணக்கிலேயே இருக்கிறது. தடுப்பதற்குத்தான் அதில் வழி இல்லை. வாசலில் மறுபடியும் கார்கள் நின்றன. அன்புச்செல்வி கல்லூரிக்குக் கிளம்புகிற நேரத்தில் சரியாக வந்தார்கள். முதலில் பின்பக்க வழியாகப் போய்ப் பார்த்தாள். பிறகு அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. கேட்டருகே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு சுப்பையன் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

"எந்த ஊருங்க?" என்று விசாரிப்பார். எத்தனை ஏக்கர், என்ன வெள்ளாமை, பக்கத்தில் யார் யார் போர் போட்டிருக்கிறார்கள், அதெல்லாம் கேட்டுக்கொள்வார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு சொல்வார்.

"எம் புள்ள தெரியாதுன்னுதானுங்க சொல்லும். காலேஜு விட்டு நாலரைக்கு வரும். அதக் கேட்டுக்கிட்டுப் போறதுன்னா, உக்காருங்க. காப்பி வருது."

பெரும்பாலானவர்கள் உட்கார்ந்தார்கள்.